டயரில் எழுதிய சரித்திரம்

பதுளை பஸ் நிலையத்தில் லுணுகலைக்கோ மடுல்சீமைக்கோ புறப்படக் காத்து நிற்கும் பஸ் வண்டியின் பெயர்ப் பலகையைப் படிப்போர் பலர். அதன் சக்கரத்தைப் படிப்போர் இல்லை எனலாம். ஆயினும் அவ்வண்டியில் எழுத்து மிக அழுத்தமாகப் பதிந்திருக்கும் இடம் சக்கரத்தைச் சுற்றிய டயரே. மை அழியும், வர்ணம் உதிரும், அச்சில் வைத்து வார்த்த இறப்பர் எழுத்து, டயர் தேய்ந்து குப்பைக்குப் போகும் வரை உடன் செல்லும்.

சேறு அப்பிய பக்கத்தைக் கையால் துடைத்தால் 10.00 ஆர் 20 என்ற வரியும், அதன் அருகே 146/143 கே என்ற வரியும் தெரியும். இன்னுஞ் சிறிது தள்ளி நான்கு இலக்கங்கள் ஒரு கட்டத்துக்குள் அடைபட்டிருக்கும். பெரும்பாலார்க்கு இவை தொழிற்சாலைக்காரரின் இரகசியக் குறிகள். ஓட்டுநரிற் பலருக்குங்கூட முதல் வரியே பழக்கம். கடையில் புது டயர் கேட்பதற்கு அது போதும். ஆனால் அங்கே எழுதியிருப்பது இரகசியம் அன்று. இவ்வளவு பாரத்துக்கு மேல் என்மீது ஏற்றாதே, இவ்வளவு வேகத்துக்கு மேல் என்னை ஓட்டாதே, நான் பிறந்த வாரம் இது என்று தன் எல்லையைத் தானே சொல்லிக்கொண்டு டயர் சுழல்கிறது.

ஊவா மலைகளில் பாரம் சுமந்தோர் பலர். பாரம் சுமந்த விலங்குகளும் பல. அவற்றுள் எதற்கும், எவர்க்கும், தம் எல்லையை இவ்வாறு எழுதிக் காட்டும் பேறு கிட்டியதில்லை. ஓர் இறப்பர் வளையத்துக்குக் கிட்டிய அந்தப் பேறு எவ்வாறு வந்தது என்பதை ஆராயப் புகுந்தால் கோப்பிக் காலத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளையையும் கண்டியையும் தாண்டி மலையேறினர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் தொகை பெரிது. ஊவாத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு அந்த நடை இன்னும் நீண்டது. அவர்கள் பறித்த கோப்பி தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் வண்டிப்பாதைக்கு வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டிகள் அதனைக் கொழும்புக்கு இழுத்தன. இரும்புப் பட்டை கட்டிய மரச்சக்கரம் மழைக்காலத்தில் அச்சாணி வரை சேற்றில் புதையும். எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதை மாட்டின் மூச்சை வைத்தே வண்டிக்காரன் கணக்கிட்டான். மாட்டுக்காவது விலை இருந்தது. மாடு செத்தால் நட்டம் என்ற அச்சம் இருந்தது.

1869இல் இலங்கையின் கோப்பியை அழிக்க வந்த இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. பயிர் மாறியதே தவிரச் சுமை மாறவில்லை. தோட்டத்துரைமார் இரயில் பாதை கேட்டு இடைவிடாது மனுப்போட்டனர். பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்க மேலும் முப்பது ஆண்டு சென்றது. தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் வாலைத் தானே கடந்து செல்லும் அந்தப் பாதையின் வழியே 1924இல் பதுளைக்கு இரயில் வந்து சேர்ந்தது. ஆனால் பதுளைக்கு அப்பால் இரயில் இல்லை, இன்றும் இல்லை. பசறை, நமுனுகுலை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய ஊர்களின் தேயிலையும் மனிதரும் நோயாளரும் தெருவை நம்பினர். தெரு, டயரை நம்பிற்று.

இனி டயரின் கதைக்கு வருவோம்.

சூட்டில் இளகிக் குளிரில் வெடிக்கும் மரப்பாலை, கந்தகத்துடன் காய்ச்சி நிலைபெறச் செய்யும் முறையை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்கொத்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தொம்சன் 1845இலேயே உரிமை பெற்றிருந்தார். அதை உலகம் மறந்துபோயிற்று. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியரான ஜோன் பொய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதனை மறுபடியும் கண்டுபிடித்தார். ஒரு குழந்தைக்குக் குலுங்காத சவாரி வேண்டுமென்ற தந்தையின் ஆசை நியாயமானதே. ஆனால் அந்த ஆசையைச் சந்தை கைப்பற்றியவுடன், கொங்கோவின் காடுகளில் இறப்பர்ப் பாலைக் குறித்த அளவு கொண்டுவராத ஆபிரிக்கரின் கைகள் வெட்டப்பட்டன. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தனிச் சொத்தாக அந்நாடு 1885 முதல் 1908 வரை இருந்தது. அமேசன் பகுதியின் புட்டுமாயோவில் இந்தியப் பழங்குடிகள் பட்ட கொடுமையும் இதற்குக் குறைந்ததன்று. ஐரோப்பாவின் தெருக்களில் சக்கரங்கள் ஓசையின்றி உருளத் தொடங்கிய அதே ஆண்டுகள் அவை.

காட்டு மரத்தைத் தோட்டப் பயிராக்கிய மாற்றத்தில் நம் தீவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த எழுபதாயிரம் அளவிலான விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. முளைத்தவற்றிற் பெரும்பகுதி, ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் கன்றுகள், இலங்கைக்கு வந்து கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் வேர்கொண்டன. அங்கிருந்து பரவிய மரம் ஈர வலயத்தின் தாழ்ந்த குன்றுகளைப் பிடித்தது. ஊவாவில் உயர்ந்த சரிவுகள் தேயிலைக்கே உரியன. மொனராகலைப் பக்கம் கீழிறங்கினால் இறப்பர் மரங்களைக் காணலாம். விடியுமுன் பட்டையைச் சீவி, சிரட்டையில் சொட்டும் பாலைச் சேர்த்து, புளிக்கவைத்து, உருளையில் அழுத்தி, புகையில் உலர்த்தும் தொழிலாளியின் கையிலிருந்தே டயர் தொடங்குகிறது. அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் அங்கே இறப்பர்க் காடுகளில் பால்வெட்டினர். ஒரு குடும்பத்தின் அண்ணன் ஊவாவில் கொழுந்துக் கூடையோடும், தம்பி மலாயாவில் பால்வாளியோடும் நின்ற காலம் அது.

வெள்ளையாகச் சொட்டும் பால் டயரில் ஏன் கறுப்பாக நிற்கிறது என்று மாணவர் கேட்பதுண்டு. தொடக்க காலத்து டயர்கள் கறுப்பாக இருக்கவில்லை. புகைக்கரித்தூளைக் கலந்தால் இறப்பர் பன்மடங்கு உழைக்கும் என்பது தெரிந்த பின்னரே, 1910ஆம் ஆண்டையடுத்து, டயர் கறுத்தது.

இப்போது அந்த எண்களைப் படிப்போம். பதுளையில் எங்கும் ஓடும் முச்சக்கர வண்டியின் டயரில் 4.00-8 என்று இருக்கும். அகலம் நான்கு அங்குலம், உள்ளிருக்கும் ரிம்மின் விட்டம் எட்டு அங்குலம். பஸ்ஸின் 10.00 ஆர் 20 என்பதும் அவ்வாறே: பத்து அங்குல அகலம், இருபது அங்குல ரிம். இடையிலுள்ள ஆர் என்ற எழுத்து, டயருக்குள்ளிருக்கும் நூல்கள் நடுவிலிருந்து கதிர்போல் நேராக ஓடுவதைக் குறிக்கும். அவ்வெழுத்து இல்லாமல் சிறு கோடு இருந்தால் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியவை. கதிர்முறையைப் பிரான்சின் மிச்செலின் கம்பனி 1946இல் பதிவுசெய்து, அடுத்த சில ஆண்டுகளில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மோட்டார்க் காரின் டயரில் 205/55 ஆர் 16 என்பது போன்ற வரி காணப்படும். இதிலே ஒரு வேடிக்கை. 205 என்பது மில்லிமீற்றர். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்பதாகும். 16 என்பதோ அங்குலம்! ஒரே வரியில் இரண்டு அளவைகள். ரிம்மை அங்குலத்தால் அளந்த வழக்கம் ஊன்றிப்போயிற்று. பிற்காலத்தில் அகலம் மட்டும் மெற்றிக் முறைக்கு மாறிற்று. 1975இல் மிச்செலின் கம்பனி ரிம்மையும் மில்லிமீற்றருக்கு மாற்ற முயன்று தோற்றது. சந்தை ஒருமுறை ஏற்றுக்கொண்ட அளவை, அறிவுக்குப் பொருந்தாததாயினும், எளிதில் சாவதில்லை. நம் தோட்டங்களில் ஏக்கரும் ஹெக்டயரும், இறாத்தலும் கிலோவும் கலந்து நின்று தொழிலாளியைக் குழப்பிய காலத்தை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

146/143 கே என்பதே நமக்கு வேண்டிய வரி. 146 என்பது நேரான எடை அன்று. உலகம் ஒப்புக்கொண்ட ஓர் அட்டவணையின் குறி. அந்தக் குறிக்கு உரிய பாரம் 3,000 கிலோகிராம். 143க்கு 2,725. டயர் தனியாக நின்றால் முதல் எண். பின் அச்சில் இரண்டிரண்டாகச் சேர்ந்து நின்றால் இரண்டாம் எண். கே என்றால் மணிக்கு 110 கிலோமீற்றருக்கு மேல் ஆகாது. முன்னே இரண்டு, பின்னே நான்கு எனக் கொண்டு பெருக்கிக் கூட்டினால் ஆறு டயர்களும் தாங்கக்கூடியது 16,900 கிலோகிராம். இஃது உச்ச வரம்பு. அதுவும் காற்று குறித்த அளவில் இருந்தால் மட்டுமே. வண்டியின் அச்சும் பிரேக்கும் ஏற்கும் பாரம் வேறு கணக்கு. காற்றுக் குறைந்தால் எண் அப்படியே இருக்கும், தாங்கும் சக்தி இராது.

ஏனெனில் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் இறப்பர் அன்று, காற்று. உள்ளே அழுந்தி நிற்கும் காற்று நூல்களை விறைப்பாக இழுத்துப் பிடிக்கிறது. அந்த விறைப்பில் வண்டி தொங்கி நிற்கிறது என்றே சொல்லலாம். காற்று போனதும் மெல்லிய பக்கச்சுவர் மடிகிறது. ரிம் அதனை நசுக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்வதால் சூடு ஏறுகிறது. சில கிலோமீற்றருக்குள் பக்கச்சுவர் கிழிந்து கந்தலாகிவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே ரன்-பிளாட் எனப்படும், காற்றிழந்த பின்னும் ஓடும் டயர். அதன் முன்னோடிகள் போர்க்களத்தில் தோன்றின. குண்டுபட்ட இராணுவ வண்டி நின்றுவிடாமல் தப்பியோட வேண்டும் என்பதே முதல் நோக்கம். நாட்டுத் தலைவர்களின் கவச வண்டிகளுக்கும் அது பயன்பட்டது. சாதாரணக் காருக்கென 1973இல் டன்லப் கம்பனி ‘டெனோவோ’ என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. ரிம்முக்குள் வைத்த குப்பிகளிலிருந்து திரவம் கசிந்து ஓட்டையை அடைக்கும் முறை அது. நீடிக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் போர்ஷ் 959 என்ற விலையுயர்ந்த காருக்குப் பிரிட்ஜ்ஸ்டோன் செய்து கொடுத்ததும், 1994இல் அமெரிக்கக் கொர்வெட் காருக்குக் குட்இயர் செய்து கொடுத்ததும் இன்றைய முறைக்கு வழிவகுத்தன. பக்கச்சுவருக்குள் சூட்டைத் தாங்கும் கெட்டியான இறப்பர்த் திண்டு ஒன்றை வைப்பார்கள். காற்று போனால் அத்திண்டு சுவரை மடியவிடாமல் நிறுத்தும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல் 80 கிலோமீற்றர் தூரம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை.

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்குப் போய்ச் சேர்ந்தும் மிஞ்சும் தூரம் அது. ஆகவே மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் எழுத்தறிவு வேண்டும். அளவு வரியில் ஆர் என்பதற்குப் பதிலாக ஆர்எஃப் என்றிருந்தாலோ, கம்பனிக்கு ஏற்ப ஆர்எஃப்டி, ஆர்ஓஎஃப், எஸ்எஸ்ஆர், இசட்பி என்று தனியே இருந்தாலோ அது இவ்வகை டயர். அக்குறி இல்லாத டயரைப் பார்வையால் பிரித்தறிதல் எளிதன்று. குறியுள்ள டயரில் காற்று போனாலும் வெளித்தோற்றம் மாறாது. ஆகையால் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி வண்டியில் கட்டாயம் வேண்டும். அது பழுதாகியிருந்தால் ஓட்டுநர் காற்றில்லாத டயரில், தெரியாமலே, வழக்கமான வேகத்தில் ஓடுவார். பக்கச்சுவர் கிழிந்தால் இவ்வகை டயரும் பயனற்றதே. காற்றின்றி ஓடியதை ஒட்டுப்போட்டு மறுபடி பாவிப்பதை உற்பத்தியாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை; உள்ளே சுவர் எவ்வளவு வெந்துபோயிற்று என்பதை வெளியே நின்று சொல்ல எவராலும் இயலாது. இத்தனைக்கும் மேலாக, இவ்வகை டயரை நம்பிச் செய்த கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமே இருப்பதில்லை. பழைய கார் கைமாறும்போது டயர் ஒருவகையாகவும் வண்டி ஒருவகையாகவும் பொருந்தாமற் போவது நடக்கக்கூடியதே. சாதாரண டயரைப் போட்டுவிட்டு மாற்றுச் சக்கரமும் இன்றி மலைப்பாதையில் ஏறுபவர், தாம் வாங்கியது பாதுகாப்பு என்றே எண்ணிக்கொண்டிருப்பார்.

அவர் கதை அவ்வளவில் நிற்கட்டும். பஸ்ஸில் செல்பவர்க்கு என்ன உண்டு? பொதுமக்கள் செல்லும் பஸ்களில் இந்தத் திண்டு வைத்த டயர் வழக்கில் இல்லை. அங்கே இருப்பது வேறோர் ஏற்பாடு. பின் அச்சில் இரண்டு டயர் சேர்ந்து நிற்பதால், ஒன்றில் காற்று போனாலும் வண்டி சாய்வதில்லை, மற்றது தாங்கும். எத்தனையோ முறை, அடுத்த ஊர் வரை இப்படியே போய்விடலாம் என்று வண்டி நகர்வதை மலைநாட்டுப் பயணிகள் அறிவர். ஆனால் கணக்கைப் பாருங்கள். இருவர் சுமந்த 5,450 கிலோகிராமையும் இப்போது ஒருவனே சுமக்கிறான். அவன் உடம்பில் எழுதியிருப்பதோ, தனியே நின்றால் 3,000. வண்டி நிறைந்திருந்தால் எழுதப்பட்ட எல்லையில் முக்கால் பங்குக்கு மேல் மிகைச் சுமை. அந்த டயர் மேல்தோல் புதுப்பித்த பழைய டயராகவும் இருக்கலாம். மேல்தோல் புதுப்பித்தல் குற்றமன்று. ஒழுங்காகச் செய்தால் சிக்கனமான, பயனுள்ள தொழில் அது. உள்ளுடம்பு எத்தனை வயதென்று பார்க்காமல் மேல்தோலை மாற்றுவதே குற்றம்.

வயதைச் சொல்வன அந்த நான்கு இலக்கங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம் வார்த்தது. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் மூப்படையும், வெடிப்பு விழும். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரை விலக்கிவிடுமாறு உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். பள்ளத்தின் அடியில் குறுக்கே தெரியும் சிறு மேடு தேய்மானத்தின் அளவுகோல். காரின் டயரில் அம்மேட்டின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேல்தோல் அதனோடு சமமானால் டயரின் காலம் முடிந்தது.

இந்த இறப்பருக்காக வல்லரசுகள் போட்டியிட்ட நாள்களில் ஊவாவில் என்ன நடந்தது என்பதையும் கூற வேண்டும். 1940ஆம் ஆண்டு மலைநாடெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர் என்றும், தோட்டத்துரை அச்சபையோடு கலந்து நடக்க இணங்கினார் என்றும், ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர் என்றும் சமசமாஜக் கட்சியின் வரலாறுகள் கூறுகின்றன. பின்னர் வந்தது அடக்குமுறை. அதற்குத் துணையாக வெள்ளமும் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் ஊவா ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. பத்திரிகையோ தோழரோ வெளியிலிருந்து வர வழியில்லாத அந்த நாள்களில் போராட்டம் முறிக்கப்பட்டது. பாதை யாருக்காக வெட்டப்பட்டது என்பதைத் தொழிலாளர் முன்பே அறிந்திருந்தனர். அந்தப் பாதை அறுந்தாலும் இழப்பு தமக்கே என்பதை அன்று கண்டனர்.

1942இல் மலாயா ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் இலங்கையின் பங்கே தலையாயதாயிற்று. போர் வண்டிகளின் சக்கரங்களுக்காக இங்குள்ள மரங்கள் நாளைய வாழ்வை எண்ணாமல் சீவப்பட்டன. பட்டை ஆறும் காலம் கொடுக்காமல் மரத்தின் உயிரையே வெட்டியெடுக்கும் அம்முறைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே படுகொலைச் சீவல் என்பதுதான். மரத்தைப் பற்றி இப்படியொரு நேர்மையான சொல்லை அவர்கள் ஆக்கியது வியப்பே. போர் முடிந்தது, விலை சரிந்தது, கொரியப் போரில் ஏறி மறுபடி சரிந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்த நிலையில் 1952 டிசம்பர் 18ஆம் திகதி, வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க மக்கள் சீனத்துடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்து முடித்தார். ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசி வரும். 50,000 தொன் இறப்பர் போகும். அமெரிக்கா சினந்து உதவியை மறுத்தது. ஒப்பந்தம் நின்றது, இலங்கை மக்கள் சோறு உண்டனர். அந்த இறப்பரைச் சீவிய தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர் என்பதை இவ்வொப்பந்தத்தைப் போற்றும் நம்மவர் பலர் சேர்த்துச் சொல்வதில்லை.

மூலப்பொருளை விற்று, செய்பொருளை வாங்கும் குடியேற்ற நாட்டு நிலையை மாற்றவேண்டும் என்ற எண்ணத்தில் சோவியத் உதவியுடன் களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை எழுந்தது. 1967இல் இயங்கத் தொடங்கிற்று. பஸ் சேவை 1958இன் முதல் நாளிலேயே அரசுடைமையாகியிருந்தமையால், நாட்டின் இறப்பர் நாட்டின் டயராகி நாட்டின் பஸ்ஸில் ஓடும் என்ற கனவு அன்று வெறுங்கனவாகத் தோன்றவில்லை. 1979இல் தனியார் பஸ்கள் திரும்பி வந்தன. 1990களில் தொழிற்சாலையும் தனியார் கைக்குப் போய், இந்தியாவின் சியட் கம்பனியுடன் கூட்டு நிறுவனமாயிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் அரசு எடுத்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. இன்று நம் தீவு உலகச் சந்தையில் பேர்பெற்றிருப்பது ஒருவகைத் திண்ம டயரால். துறைமுகங்களிலும் பண்டசாலைகளிலும் சுமை தூக்கும் யந்திரங்களுக்கு உரிய அது முழுக்க முழுக்க இறப்பர்; உள்ளே காற்றே இல்லை; ஆணி குத்தினால் காற்று போகும் என்ற கவலையும் இல்லை. டன்லப்புக்கு முன்னிருந்த கட்டைச் சக்கரத்தின் வாரிசு என்று அதனைச் சொல்லலாம்.

டயருக்கு எழுதப்பட்ட எண் உச்ச வரம்பு என்றோம். தோட்டத்திலும் ஓர் எண் உண்டு. நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்பது அந்த எண். பதினாறு, பதினெட்டு, இருபது எனத் தோட்டத்துக்குத் தோட்டம் அது வேறுபடும். ஆனால் அஃது உச்ச வரம்பு அன்று, அடி வரம்பு. அதற்குமேல் எவ்வளவு சுமந்தாலும் தடையில்லை, குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் தராசடியில் கழிக்கும் கிலோக்கள் வேறு. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோதும் அந்த எண்ணைப் பற்றிய வழக்கு ஓயவில்லை. டயருக்கு மிகைப்பாரம் ஏற்றினால் உற்பத்தியாளன் பொறுப்பை உதறுவான். அதனால் பாரத்தின் எல்லையை எழுதிவைத்தான். சரிவில் ஏறும் பெண்ணின் முதுகுக்கு உற்பத்தியாளன் இல்லை.

2021 மார்ச் 20ஆம் நாள் விடியற்காலையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று, பசறை–மொனராகலைத் தெருவின் பதின்மூன்றாம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்கு உயிர்களுக்குக் குறையாமல் பறிபோயின. தெருவில் சரிந்து கிடந்த பாறையால் வழி ஒடுங்கியிருந்தது. அதனை முன்பே அகற்றாதது ஏன் என்ற கேள்வி அன்று எழுந்தது. அவ்விபத்துக்கு டயரைக் குறைகூற எவரும் முன்வரவில்லை, நாமும் கூறவில்லை. மலைத்தெருவில் வண்டிக்கு மிஞ்சியிருப்பது ஓர் அடி அகலமே என்னும்போது, நெறியின்றித் தேய்ந்த ஒரு டயரோ சுமை மிகுந்த ஓர் அச்சோ பிழைக்க இடமில்லை என்பதை நினைவூட்டவே அதனைக் குறிப்பிட்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. தெருக்கள் பல அறுந்தன. இரயில் பாதையும் சிதைந்தது. 1940இல் போலவே ஊவா மறுபடியும் தனித்து நின்றது.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். கணித வகுப்பில் தொட்டியில் நீர் நிரம்பும் கணக்கைக் காலமெல்லாம் செய்கிறோம். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பஸ்ஸின் டயரை ஒரு நாள் படிக்கச் சொல்லலாம்: அகலம் என்ன, பாரக் குறி என்ன, வார்த்த வாரம் எது, ஆறு டயரும் சேர்ந்து தாங்குவது எவ்வளவு, இருக்கைகளில் அமர்வோரோடு மிதிபலகையில் தொங்குவோரையும் சேர்த்தால் எவ்வளவு. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இவை கடினமான கணக்குகள் அல்ல. முன் டயர்களைப் படிப்பது சுலபம். பின்னே சேர்ந்து நிற்கும் இரட்டையில் உள்ளே இருக்கும் டயரையும் விட்டுவிடக் கூடாது. வார்த்த வாரம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். அப்பக்கம் உள்நோக்கி இருந்தால், வண்டி நிற்கையில் ஓட்டுநரின் அனுமதியோடு ஆசிரியரே விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.